முயலுக்குப் புல்லே சோறு

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது, சில கொட்டில்களின் பின்புறத்தில் பலகையும் கம்பிவலையும் கொண்டு அடித்த முயற்கூடுகளை நாம் காண்பதுண்டு. மாடும் ஆடும் விட்டுவந்த ஊரோடு போய்விட, பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது அந்த முயல் ஒன்றுதான்.

அப்படியொரு வீட்டில் முயல் கொழுத்து, மூலையில் அசையாமல் கிடந்தது. "நல்லாத்தானே சாப்பாடு குடுக்கிறம், சுவாமி" என்றார் தாய். பாண், சோறு, பிஸ்கற், வாழைப்பழம் ஆகியவற்றைப் பிள்ளைகள் தங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அன்பில் குறைவில்லை, உணவுதான் பிழை.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. நாள் முழுதும் புல்லை அரைத்தால்தான் அவை தேயும். குடலும் ஒழுங்காக இயங்கும். மாச்சத்தும் இனிப்பும் கொழுப்பாகவே சேரும். முயல் தனது மென்மையான எச்சத்தைத் தானே எடுத்துத் தின்று சத்துப் பெறுகிறது. கொழுத்த முயலுக்குக் குனிந்து அதை எடுக்க முடியாது. பின்புறம் அழுக்காகி, இலையான் முட்டையிட்டுப் புழுவும் பிடிக்கும்.

எதை, எவ்வளவு?

வளர்ந்த முயலுக்குப் பெரும்பங்கு உணவு புல்லாகவே இருக்கவேண்டும். கினிப்புல்லையோ அறுகையோ பூக்குமுன் வெட்டி, ஓரிரு நாள் வெயிலில் புரட்டிப் புரட்டி உலர்த்தி, நனையாத இடத்தில் கட்டித் தூக்கிவிட்டால் மாரிக்கும் உதவும். பூஞ்சணம் பிடித்ததைப் போடவேண்டாம். வைக்கோலில் சத்துக் குறைவு; அதைப் படுக்கைக்கு வையுங்கள். நிலக்கடலைக் கொடி போன்ற அவரையினத் தீவனங்கள் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் நல்லவை; கொழுத்த முயலுக்குக் குறைக்கவேண்டும்.

கீரை தினமும் ஒரு பிடி போதும். கரட், பழம் என்பன 2 கிலோ முயலுக்கு ஒரு தேக்கரண்டி அளவே, தினமும் தேவையில்லை. பாண், பிஸ்கற், சீனி அறவே வேண்டாம். வெங்காயத்தாள், உருளைக்கிழங்கு இலை, மரவள்ளி இலை ஆகியவை தீங்கானவை.

மருந்தடித்த வயலோரத்தில் புல் வெட்டாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் பிள்ளைகளைப் புல்லுக்கு அனுப்பவே கூடாது.

பட்டினி போடாதீர்கள்

விலாவை மெல்லத் தடவிப் பாருங்கள். எலும்புகள் கைக்குத் தட்டுப்படாவிட்டால் முயல் கொழுத்துவிட்டது. கடைத் தராசில் கூடையோடு நிறுத்து, கூடையின் நிறையைக் கழித்து, வாரமொருமுறை குறித்துவையுங்கள். உணவை ஒரேநாளில் மாற்றாமல், 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். கொழுத்த முயலைப் பட்டினி போட்டால் ஈரல் கெட்டு இறந்துவிடும். தின்னாமல் இருக்கும் முயலை உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மாலையில் சிறிதுநேரம் அடைத்த முற்றத்தில் ஓடவிடுங்கள்.

சில மாதங்களின் பின் அவ்வீட்டுக்கு மீண்டும் போனோம். முயல் முற்றத்தில் துள்ளியது. மூத்த பிள்ளை பாடசாலை விட்டு வரும் வழியில் ஒரு கட்டுப் புல்லோடு வந்தாள். பாண் இப்போது பிள்ளைகளின் கோப்பையிலேயே இருக்கிறது. கையில் உள்ளதையெல்லாம் கொடுப்பது மட்டும் அன்பல்ல; அந்த உயிருக்கு எது தேவை என்று அறிந்து கொடுப்பதே பராமரிப்பு. புல்லுக்கு விலையில்லை, அதைத் தேடி வெட்டும் உழைப்பு எம்மிடம் உண்டு.