செயலி காட்டும் இடுப்பளவு

படத்திலிருந்து பிறக்கும் எண்

கையடக்கத் தொலைபேசியின் கமராவைக் கொண்டே இடுப்புச் சுற்றளவையும் உடற்கொழுப்பையும் கணிக்கும் செயலிகள், பயனர் தம் உயரத்தைப் பதிந்து முன்புறமும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களிலிருந்து உடலின் புறக்கோட்டைப் பிரித்தெடுத்து, அந்த உயரத்தையே அளவுகோலாகக் கொண்டு இடுப்பின் அகலத்தையும் தடிப்பையும் அறிந்து சுற்றளவை மதிப்பிடுகின்றன. பச்சிளம் குழந்தையின் எடையைக் குறுங்காணொளியிலிருந்து மதிப்பிட இந்தியாவின் வாத்வானி ஏஐ நிறுவனம் உருவாக்கிய செயலியிலும் குழந்தையருகே நீளம் தெரிந்த பொருளொன்று வைக்கப்படுவது இக்காரணத்தாலேயே. உயரம் பிழையானால் மற்ற எண்களும் பிழையாகும்.

ஆடையும் அந்தரங்கமும்

சாரனோ அபாயாவோ அணிந்து எடுத்த படத்தில் துணியின் விளிம்பையே செயலி உடலின் விளிம்பாகக் கொள்ளக்கூடும் என்பதால், உடலோடு ஒட்டிய உடை கேட்கப்படுகிறது. கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பெண்கள் அத்தகைய படமெடுக்கத் தயங்கினால் அதை அறியாமை எனக் கொள்வது தவறு. படம் தொலைபேசிக்குள்ளேயே கணிக்கப்படுகிறதா, வெளிநாட்டுச் சேவையகத்துக்குச் செல்கிறதா என்பது பலவேளை பயனருக்குத் தெரிவதில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்துள்ளது.

எல்லைக்கோடு எது?

கிலோகிராமிலான எடையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்திணிவுச் சுட்டெண் 25ஐத் தாண்டினால் மட்டுமே பல செயலிகள் எச்சரிக்கின்றன. ஆனால் தென்னாசியர் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் கொள்வதால், ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிக்காட்டியது. 165 சென்ரிமீற்றர் உயரமும் 64 கிலோ எடையும் கொண்டவரின் சுட்டெண் 23.5; செயலி அவரைச் சாதாரண எடையினர் எனச் சொல்லி அனுப்பிவிடும். இந்தப் பொய்யான நிம்மதியே அளவுப் பிழையை விட அஞ்சத்தக்கது.

நாடாவின் இடம்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், தையல் நாடாவைச் சதையை இறுக்காமல் சுற்றி இடுப்புச் சுற்றளவை எவரும் வீட்டிலேயே அளக்கலாம். தென்னாசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரே எல்லை. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. எல்லையைத் தொட்டவர்கள், 2011 முதல் அரச சுகாதார சேவையில் இயங்கிவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நாடா காட்டிய அளவை மாதந்தோறும் குறித்து, வைத்தியரிடம் காட்டுவதற்குத் தொலைபேசி நன்கு உதவும்.