காருக்கு முதல் பாலிஷர் வாங்கப் போறீங்களா? வாட்ஸைப் பார்க்கும் முன் இதைப் படியுங்கள்

இரவு நேரம். பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறீர்கள். மேலே இருக்கும் எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் பானெட்டில் விழுகிறது. அந்த வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். ‘பகல்ல நல்லாத்தானே இருந்துச்சு!’ என்று மனசு அடித்துக்கொள்ளும். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அதிர்ச்சி புதிதல்ல. வெள்ளை காரிலும் அதே கோடுகள் உண்டு. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

‘சுவர்ல் மார்க்’ எனப்படும் இந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் இஷ்டத்துக்கு ஓடும் கீறல்கள்தான். வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் கோணத்தில் இருப்பவை மட்டும் கண்ணில் படுவதால், வட்டம் போலத் தோன்றுகின்றன. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவது, வாட்டர் சர்வீஸில் முந்தைய வண்டியின் மண் ஒட்டிய ஸ்பாஞ்சால் தேய்ப்பது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், உப்புக் கறையும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் சரிசெய்ய, பட்டறையில் ‘ரப்பிங் பாலிஷ்’ போடுவது பழைய வழக்கம். இப்போது பலர், ‘ஒரு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்கி நாமே செஞ்சுக்கலாமே’ என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், கடையில் முதலில் கேட்கும் கேள்வி ‘எது பவர் அதிகம்?’ என்பதாக இருக்கிறது. ‘என் கை தவறினால் எது மன்னிக்கும்?’ என்றுதான் கேட்க வேண்டும். ஏன்?

பாலிஷ் என்றால் தேய்த்து எடுப்பது

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் என வரிசையாக அடுக்குகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத ‘கிளியர் கோட்’. கம்பெனி பெயின்ட்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். அதாவது, காரைக் காப்பது அரைத் தாள் கனம்தான்.

சுவர்ல் மார்க் பெரும்பாலும் இந்த கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. பாலிஷ் செய்வது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேற்பரப்பை, கீறலின் அடிமட்டம் வரை தேய்த்துச் சமப்படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரானோ, கடுமையாகத் தேய்த்தால் இன்னும் அதிகமோ போகும். போனது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. இது மெலிந்துபோனால், சில வருடங்களில் கூரையிலும் பானெட்டிலும் வெளிறிய திட்டுகள் வந்து, தோல் உரிவதுபோல உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு ரீ-பெயின்ட் தவிர வழியில்லை. வருடாவருடம் ரப்பிங் போட்டுப் ‘பளபள’வென வைத்திருந்த கார், ஒருநாள் திடீரென நிறம் மங்கிப்போவது இப்படித்தான்.

எதுக்கு டூயல் ஆக்‌ஷன்?

பட்டறைகளில் காலங்காலமாக இருப்பது ‘ரோட்டரி’. பேட் ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், சூடும் ஒரே இடத்தில் சேரும். பழகிய கைக்கு அருமையான கருவி. பழகாத கை ஓரத்தில் இரண்டு விநாடி அதிகம் நின்றால், பிரைமர் தெரிந்துவிடும். சரியாக முடிக்காவிட்டால், வெயிலில் ‘ஹாலோகிராம்’ என்ற அலை அலையான நிழல் தெரியும். சில இடங்களில் ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு பேட் மாட்டுகிறார்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். பாலிஷுக்கான ரோட்டரியே அதிகபட்சம் 3,000 சுற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. வித்தியாசம் புரியும்.

டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ., இரண்டு வேலை செய்கிறது. பேட் சின்ன வட்டத்தில் அதிர்ந்தபடியே தன்னைத்தானேயும் சுற்றிக்கொள்ளும். பூமி சூரியனையும் சுற்றி, தானும் சுழல்கிறதே, அதுபோல. ஒரே புள்ளி ஒரே பாதையில் திரும்பத் திரும்ப உரசாததால் சூடு பரவுகிறது, தடமும் விழுவதில்லை. முக்கியமான விஷயம், இந்தத் தன்சுழற்சியை மோட்டார் நேரடியாகத் தள்ளுவதில்லை. அழுத்தம் அதிகமானாலோ பேட் சாய்ந்தாலோ சுழற்சி தானாகவே நின்றுவிடும். வேலை நடக்காது, ஆனால், பெயின்ட்டும் போகாது. புதியவருக்கு இதுதான் காப்பீடு.

டி.ஏ.விலேயே கியர் வைத்து, கட்டாயமாகச் சுழல வைக்கும் வகையும் உண்டு. ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்.சி. 3401 இதற்குப் பெயர்போன உதாரணம். இது அழுத்தினாலும் நிற்காது. நல்ல கருவி, ஆனால், மேலே சொன்ன காப்பீடு இதில் குறைவு. முதல் மெஷினாக வேண்டாம்.

‘த்ரோ’ என்பது என்ன?

விளம்பரத்தில் 8, 9, 12, 15, 21 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். பேட் அதிரும் அந்தச் சின்ன வட்டத்தின் விட்டம்தான் ‘த்ரோ’. 8 மி.மீ. என்றால் ஒரு அதிர்வில் பேட் நகரும் தூரம் சுமார் 25 மி.மீ.; 15 என்றால் சுமார் 47; 21 என்றால் சுமார் 66. த்ரோ பெரிதாக இருந்தால் பரப்பு சீக்கிரம் முடியும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடக்கக்காரர்களின் கருவியாக இருந்த போர்ட்டர்-கேபிள் 7424 எக்ஸ்.பி. 8 மி.மீ. வகை. இத்தாலியின் ரூப்பெஸ் நிறுவனத்தின் ‘பிக்ஃபுட்’ வரிசைதான் 15, 21 மி.மீ. த்ரோவைப் பரவலாக்கியது.

‘அப்போ 21 வாங்கிடலாமே?’ அங்கேதான் சிக்கல். பெரிய த்ரோவுக்கு சமதளம் பிடிக்கும். வளைவிலும் மடிப்பிலும் பேட் சுழற்சி எளிதில் நின்றுவிடும். நம்ம ஊர் ஹேட்ச்பேக் கார்களில் கதவு, பம்பர், ஃபெண்டர் எல்லாமே வளைவும் மடிப்பும்தான். இன்னோவா, ஸ்கார்பியோ போன்ற பெரிய வண்டிகளின் பானெட்டில் 21 மி.மீ. சுகமாக ஓடும். ஆனால், ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால் 12 முதல் 15 மி.மீ.க்குள் இருப்பது எல்லா வேலைக்கும் பொருந்தும். பட்ஜெட் இடிக்கிறதா? 8 அல்லது 9 மி.மீ. வகையிலும் முழு காரையும் திருத்தலாம். நேரம் கூடும், அவ்வளவே.

பிளேட் அளவு

பேட் ஒட்டும் வட்டத் தகடு ‘பேக்கிங் பிளேட்’. பொதுவாக 125 மி.மீ. (5 அங்குலம்) அல்லது 150 மி.மீ. (6 அங்குலம்). முதல் மெஷினுக்கு 125 போதும். இதில் ஐந்தரை அங்குல பேட் வரை போடலாம். கதவுத் தூண், கைப்பிடியைச் சுற்றிய இடம் போன்றவற்றுக்கு 75 மி.மீ. தனி மெஷின் வசதி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: டி.ஏ. உள்ளே இருக்கும் எதிர்எடை, அந்த மெஷினுக்கான பிளேட்டுக்கும் பேட்டுக்கும் ஏற்றபடி அமைக்கப்பட்டது. கிடைத்த பிளேட்டை மாட்டினால் அதிர்வு கூடி, கை மரத்துப்போகும்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

* சுற்று எண்: பெட்டியில் 5,000, 6,000 என்று இருப்பது அதிர்வு எண்ணிக்கை. பேட் தன்னைச் சுற்றும் வேகம் அதைவிட மிகக் குறைவு. ரோட்டரியின் 3,000-உடன் இதை ஒப்பிட வேண்டாம். எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம்.

* வாட்ஸ்: 500 முதல் 900 வாட்ஸ் வரை இருப்பவை பயன்படும். 15 மி.மீ. த்ரோவுக்கு மோட்டார் பலவீனமாக இருந்தால் சும்மா ஓடும்போது நன்றாக ஓடும். பேட்டை வைத்ததும் திணறும்.

* வேகக் கட்டுப்பாடு: 1 முதல் 6 வரை டயல் கட்டாயம் வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் குதிக்காமல் மெதுவாக வேகம் பிடிக்கும் ‘சாஃப்ட் ஸ்டார்ட்’ இருந்தால், காம்பவுண்ட் சட்டையில் தெறிக்காது.

* எடை: இரண்டு, இரண்டரை கிலோ என்பது கடையில் பெரிதாகத் தெரியாது. கதவின் பக்கவாட்டில் அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், தெரியும். முடிந்தால் கையில் பிடித்து, ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

‘கார் பாலிஷர்’ என்ற பெயரிலேயே, பெரிய பஞ்சு உறை மாட்டிய மலிவான வேக்ஸ் மெஷின்களும் விற்கின்றன. அவை வேக்ஸ் தடவ மட்டும்தான். கீறலை எடுக்காது. அதேபோல, மரவேலைக்கான ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரும் பார்வைக்கு டி.ஏ. மாதிரியே இருக்கும். அதன் த்ரோ பெரும்பாலும் 2, 3 மி.மீ.தான். பாலிஷுக்குப் போதாது.

‘அமெரிக்காவில் இருந்து அண்ணன் வாங்கிட்டு வர்றார்’

அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரடியாகச் சொருகினால் மெஷின் புகைந்துவிடும். தேவையான வாட்ஸுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். இங்கே விற்கும் மாடலையே வாங்கினால் கார்பன் பிரஷ், பேக்கிங் பிளேட் போன்ற தேய்மானப் பொருட்கள் கிடைக்கும். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘அண்ணே, இதுக்கு பிளேட்டும் கார்பனும் தனியா கிடைக்குமா?’ தயங்கினால், வேறு மாடல் பாருங்கள்.

எல்லாப் பணத்தையும் மெஷினில் போடாதீர்கள்

கீறலை எடுப்பது மெஷின் அல்ல, பேட்டும் காம்பவுண்டும்தான். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இவற்றுக்கு ஒதுக்குங்கள். ஒரே பேட்டை வைத்து முழு காரையும் செய்ய முடியாது. பேட் சூடாகி, காம்பவுண்ட் ஊறி, வெட்டும் திறன் போய்விடும். நடுத்தர ஃபோம் பேட் நான்கு, கடினமானது இரண்டு, மென்மையானது இரண்டு, மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன் இருந்தால் நிம்மதி. பேட்டின் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு பிராண்டில் ஆரஞ்சு கடினம், இன்னொன்றில் நடுத்தரம்.

முதல் நாள், ஒரே ஒரு கட்டம்

மெஷின் வந்த அன்றே முழு காரிலும் இறங்கக் கூடாது. பழைய இரும்புக் கடையில் ஒரு பானெட் கிடைத்தால் அதில் பழகுவது உத்தமம். காரில் இறங்கும்போது:

1. நன்றாகக் கழுவி, க்ளே பார் கொண்டு ஒட்டியிருக்கும் துகள்களை எடுங்கள். மண் இருந்தால் பாலிஷரே கீறல் போடும்.

2. நிழலில், தகடு ஆறிய பிறகு மட்டும் செய்யுங்கள்.

3. ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், கூர்மையான மடிப்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்பில்தான் பெயின்ட் மிக மெல்லியதாக இருக்கும்.

4. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுத்தர பேட், மென்மையான பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5-ல் வையுங்கள். கை மெதுவாக, விநாடிக்கு ஒரு அங்குலம் அளவில் நகரட்டும். பாதிக்குப் பாதி மேற்படிய நான்கைந்து முறை போனால் போதும்.

5. பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது தெரிகிறதா? சரி. கோடு நின்று அதிர்வு மட்டும் இருந்தால், அழுத்தத்தைக் குறைத்து, பேட்டைச் சமமாகப் பிடியுங்கள்.

6. துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மீண்டும் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இதை விடக் கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துவிடும். ‘பட்டறையில் இருந்து வந்தப்போ சூப்பரா இருந்துச்சு, ரெண்டு வாட்டர் சர்வீஸ்ல எல்லாம் திரும்ப வந்துருச்சு’ என்ற புலம்பலின் ரகசியம் இதுதான்.

கோடுகள் போகாவிட்டால் மட்டுமே அடுத்த கட்டமாகக் கடினமான பேட், அதன் பிறகு காம்பவுண்ட். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறலைத் துரத்த வேண்டாம். அது ஆழமானது. அதை எடுக்க நினைத்தால் கிளியர் கோட்டும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

யார் வாங்கவே வேண்டாம்?

மேட் ஃபினிஷ் பெயின்ட் காரை பாலிஷ் செய்யவே கூடாது. திட்டுத்திட்டாகப் பளபளப்பாகி அசிங்கமாகிவிடும். செராமிக் கோட்டிங் போட்ட காரில் பாலிஷ் செய்தால் கோட்டிங்கும் போய்விடும். ஏற்கெனவே பலமுறை ரப்பிங் போட்ட, யார் கையிலிருந்து வந்தது என்று தெரியாத பழைய கார் என்றால், முதலில் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். 80 மைக்ரான், அதற்கும் கீழே என்று காட்டும் இடத்தில் கை வைக்காதீர்கள். 200-க்கு மேல் என்றால் அந்தப் பகுதி ரீ-பெயின்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். கிளியர் கோட் இல்லாத பழைய வகை பெயின்ட் என்றால் பேட்டில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால், அங்கே ஒவ்வொரு தேய்ப்பும் நிறத்தையே எடுக்கிறது.

முழு காரையும் முதல்முறை செய்ய ஒரு முழு நாள் ஆகும். அந்த உழைப்பு நிலைக்க வேண்டுமென்றால், மறுநாள் காலையில் காய்ந்த துணியை எடுக்கக் கூடாது. தண்ணீர் அடித்து மண்ணை இறக்கி, ஷாம்பூ நுரையோடு மென்மையான கையுறையால் கழுவி, மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். கழுவும் பழக்கம் மாறினால் பாலிஷர் பரணில் ஏறிவிடும். வருடக்கணக்கில் அதை இறக்க வேண்டிய தேவை வராது. அரைத் தாள் கனம் உள்ள கிளியர் கோட்டுக்கும் அதுதான் நல்லது.