பழைய மோட்டாருக்குப் புனர்ஜன்மம்

பழைய சாமான்களை என்ன செய்வது என்னும் பிரச்னை எல்லாத் தேசத்துக் குடும்பங்களுக்கும் உரியது. பரணில் கறுத்துக் கிடக்கும் குத்துவிளக்கானால் புளி போட்டுத் துலக்கிவிடலாம். ஒன்றரை டன்னுக்கு மேல் நிறையுள்ள மோட்டார் வண்டி அறுபது வருஷம் வெயிலிலும் பனியிலும் கிடந்து துருவேறியிருந்தால் என்ன செய்வது? அமெரிக்க தேசத்தில் அதையும் வீட்டிலேயே துலக்கி எடுக்கும் அன்பர்கள் அநேகர் இருக்கிறார்கள். பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இரவிலும் விடுமுறை நாட்களிலும் தங்கள் மோட்டார் கொட்டகையில் அவர்கள் செய்யும் தவத்தைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

இவர்கள் தேடிப் பிடிக்கும் வண்டிகளுக்கு 'மஸில் கார்' என்று பெயர். புஜபலம் பொருந்திய மோட்டார் என்று நாம் சொல்லலாம். இந்த வம்சத்தின் மூலபுருஷன் என்று பலர் கருதுவது, 1964-ஆம் வருஷத்து மாதிரியாக வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. நடுத்தர அளவுள்ள வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட யந்திரத்தை வைக்கலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி விதி செய்திருந்தது. பான்டியாக் பிரிவின் ஜான் டிலோரியன் முதலான எஞ்சினீயர்கள் 389 கன அங்குல யந்திரத்தை, "விரும்புவோர் தனிப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உபரிச் சாமான்" என்று பெயர் பண்ணி, லெமான்ஸ் என்னும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். குடும்ப வண்டியின் தேகத்தில் பீமசேனனுடைய பலம் புகுந்தது. யந்திரத்தின் சக்தி 325 குதிரை. மூன்று கார்புரேட்டர் பூட்டினால் 348. முதல் வருஷத்திலேயே 32,450 வண்டிகள் விற்றன.

இந்தத் தந்திரம் இன்றைக்கு வாங்குகிறவருக்கு ஒரு தலைவலியாக முடிந்திருக்கிறது. 1964, 1965 மாதிரிகளில் ஜி.டி.ஓ. வெறும் உபரிச் சாமானாக இருந்தபடியால், வண்டியின் பதிவு எண்ணைப் பார்த்து அசலா, லெமான்ஸுக்குப் போட்ட வேஷமா என்று கண்டுபிடிக்க முடியாது. 1966 முதல் அது தனி ரகமாகி, எண்ணும் 242 என்று தொடங்கியது. ஆகவே, பழைய தொழிற்சாலைப் பத்திரத்தின் நகலைப் பார்க்காமல் விவேகிகள் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை.

வண்டியைப் பார்க்கப் போகிறவர் ஒரு காந்தத் துண்டை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறார். வட மாகாணங்களில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள்; அது வண்டியின் அடிவயிற்றை அரித்துவிடுகிறது. ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து மேலே வர்ணம் பூசியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காந்தம் அந்த இடத்தில் ஒட்டாமல் நழுவும். மட்கார்டின் கீழ் விளிம்பு, பின் கண்ணாடியின் ஓரம், டிக்கியின் தரை ஆகியவை முக்கியமாகச் சோதிக்க வேண்டிய இடங்கள்.

பிறகு வண்டியைப் பிரிக்கும் வேலை. மேற்கூட்டை அடிச்சட்டத்திலிருந்து போல்டுகளைக் கழற்றித் தனியே தூக்கிவிடலாம். பிரிப்பது சுலபம், ஆறு மாதம் கழித்து எந்த ஆணி எங்கே இருந்தது என்று நினைவுபடுத்துவதுதான் கஷ்டம். சிரத்தையுள்ளவர் ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடித்து, ஆணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வைக்கிறார். சிரத்தையில்லாதவருடைய வண்டி பெட்டி பெட்டியாக அடுத்தவருக்கு விலையாகிறது.

யந்திரத்தைச் சீர் செய்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது 1996-ல் அமெரிக்காவில் அடியோடு நிறுத்தப்பட்டது. ஆகையால் கடினமான எஃகு வளையங்களை அங்கே பதிக்கிறார்கள். இக்காலப் பெட்ரோலில் சேரும் சாராயம் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுத்துவிடுமாதலால் அவற்றையும் மாற்றுகிறார்கள். கசிவு ஏற்பட்டால் நெருப்பல்லவா?

இப்போது பெரிய வழக்குக்கு வருவோம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், ஓர் ஆணிகூட மாறலாகாது என்பது ஒரு கட்சி. என் வண்டி, என் இஷ்டம் என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் பிரேக்கைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். 1964 ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். போதாக்குறைக்கு, பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு வழி. ஏதாவதொரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். இரட்டை வழி 1967 மாதிரியில்தான் வந்தது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் அவ்வருஷமே, அதுவும் கேட்டவர்களுக்கு மட்டும், கிடைத்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இவ்விரண்டையும் பூட்டுவதை எந்தப் பழமைப் பற்றும் தடுக்கலாகாது. சட்டத்தை அறுக்காமல் பூட்டி, கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவிச் சுற்றி வைத்தால், நாளைக்கு வேண்டுகிறவர் பழையபடி மாற்றிக்கொள்ளட்டும்.

வேலை செய்கிறவரின் உயிரும் முக்கியம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது தற்கொலைக்குச் சமானம்; உறுதியான தாங்கிகள் வேண்டும். பழைய பிரேக் தூளில் கல்நார் இருக்கக்கூடும். அதை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியை அப்புறப்படுத்தாமல் அதனருகே பற்றவைக்கவே கூடாது.

ஜி.டி.ஓ. 1974-ஆம் வருஷ மாதிரியோடு நின்றது; 2004-ல் அதே பெயருடன் வந்த வேறொரு வண்டியும் நீடிக்கவில்லை. 2010-ல் பான்டியாக் என்னும் பெயரையே கம்பெனி கைவிட்டது. பெற்றவர் கைவிட்ட பிள்ளையை அயலார் எடுத்து வளர்ப்பதுபோல், இந்த வண்டிகளைக் கொட்டகைத் தொழிலாளிகள் வளர்த்து வருகிறார்கள். லெமான்ஸை ஜி.டி.ஓ.வாக மாற்றிக்கொள்வதிலும் குற்றமில்லை. விற்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் போதும். வருஷக்கணக்காக உழைத்த பிறகு யந்திரம் முதன்முதலாக உறுமும்போது வீட்டார் கைகொட்டுவார்கள். அண்டை வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள். பின்னவர்களுக்காக ஒரு நல்ல ஸைலென்ஸரும் பூட்டிவிடுவது உத்தமம்.