முனை பொருந்தினால் போதுமா? கிட்டார் பெடலுக்கு ஏற்ற அடாப்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெரும்பாலான வீடுகளில் ஓர் இழுப்பறை நிறைய பழைய அடாப்டர்கள் கிடக்கும். ஒன்று பழுதாகிப்போன மோடத்துடையது. இன்னொன்று தம்பியின் விளையாட்டுக் காருடையது. மூன்றாவது எதனுடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு கிட்டார் பெடல் வாங்கிய மாணவர் முதலில் தேடிப் போவது அந்த இழுப்பறையைத்தான். ஏதாவது ஒன்றின் முனை பெடலில் நுழைந்துவிட்டால், "பொருந்திவிட்டது" என்று சுவிட்சைத் தட்டிவிடுவார். சில நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய பெடல் அந்த ஒரு நொடியிலேயே கருகிப்போகலாம்.

முனை பொருந்துவது வேறு. மின்சாரம் பொருந்துவது வேறு. இரண்டையும் எப்படி வேறுபடுத்திப் பார்ப்பது? பள்ளியில் நீங்கள் படித்த மின்னியல் பாடமே இதற்குப் போதும்.

பெடலுக்கு ஏன் மின்சாரம்?

மின்கிட்டாரின் கம்பி அதிரும்போது, அதன் கீழே இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அந்த அதிர்வை மிகச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகின்றன. அது ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இருந்துகொண்டு இந்தச் சமிக்ஞையை மாற்றுவதே பெடலின் வேலை. ஒரு பெடல் ஒலியைக் கரகரப்பாக்கும்; இன்னொன்று எதிரொலி சேர்க்கும்; மற்றொன்று ஒரு கிட்டாரைப் பல கிட்டார்கள்போல ஒலிக்க வைக்கும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களும் சில்லுகளும் இயங்க மின்சாரம் வேண்டும்.

1962இல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெடலுக்கு 1.5 வோல்ட் பேட்டரிகள் இரண்டு போதுமானவையாக இருந்தன. பிறகு 9 வோல்ட் சதுர பேட்டரி வழக்கத்துக்கு வந்தது. டிரான்சிஸ்டர் வானொலிகளால் அந்த பேட்டரி ஏற்கெனவே கடைகளில் பரவியிருந்தது. அதன் உள்ளே 1.5 வோல்ட் மின்கலங்கள் ஆறு வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். 6 × 1.5 = 9. இன்றும் பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில் இயங்குவதற்கு இந்தப் பழக்கமே காரணம்.

ஒட்டுவில்லையில் நான்கு செய்திகள்

அடாப்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறிய ஒட்டுவில்லையைப் படியுங்கள். பெடலின் செருகுகுழிக்கு அருகிலோ அதன் கையேட்டிலோ எழுதியிருப்பதோடு நான்கு செய்திகளை ஒப்பிட வேண்டும்: மின்னோட்டத்தின் வகை, மின்னழுத்தம், முனையின் திசை, மின்னோட்ட அளவு. முதல் மூன்றும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். நான்காவது குறையாமல் இருந்தால் போதும். இதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வகை. சுவரில் இருந்து வருவது ஏ.சி. எனப்படும் மாறுதிசை மின்னோட்டம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது 230 வோல்ட். விநாடிக்கு 50 முறை அலைந்து திரும்பும். பெரும்பாலான பெடல்களுக்குத் தேவை டி.சி. எனப்படும் நேர்திசை மின்னோட்டம். ஒரு நேர்க்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது டி.சி. அலைபோல ஒரு நெளிகோடு இருந்தால் ஏ.சி. விதிவிலக்குகளும் உண்டு. லைன் 6 நிறுவனத்தின் பழைய டிஎல்4 பெடலுக்கு 9 வோல்ட் ஏ.சி. வேண்டும். அந்த அடாப்டரை டி.சி. பெடல் ஒன்றில் செருகினால் என்ன ஆகும்? 9 வோல்ட் ஏ.சி. அலையின் உச்சி 12.7 வோல்ட்டைத் தொடும். போதாததற்கு, விநாடிக்கு 50 முறை மின்சாரம் தலைகீழாகவும் பாயும். டி.சி. பெடல் அதைத் தாங்காது.

இரண்டாவது, மின்னழுத்தம். 9 வோல்ட் பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் ஒலி இரு மடங்கு நன்றாக இருக்காது. பெடலுக்குள் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிகள் பலவற்றில் 16 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவைத் தாண்டினால் அவை சூடாகி வீங்கும்; வெடிக்கவும் கூடும். சில சில்லுகள் 10 வோல்ட்டை ஒட்டியே கருகிவிடும். "9 முதல் 18 வோல்ட் வரை" என்று கையேட்டில் இருந்தால் மட்டுமே அதிக மின்னழுத்தம் கொடுக்கலாம். குறைவாகக் கொடுத்தால் பெரும்பாலும் எதுவும் கருகாது. ஆனால் ஒலி நலிந்துவிடும், எண்முறைப் பெடல் இயங்காமலே போகலாம்.

மூன்றாவதுதான் பலர் ஏமாறும் இடம். உருளை வடிவ முனையில் இரண்டு பகுதிகள் உள்ளன: நடுத்துளை, வெளிப்புறம். மோடம், விளையாட்டுப் பொருள் போன்றவற்றின் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் நேர்மின்னும் வெளியே எதிர்மின்னும் இருக்கும். கிட்டார் பெடல்களிலோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: நடுவில் எதிர்மின், வெளியே நேர்மின்.

ஏன் இப்படி? பெடலுக்குள் பேட்டரியும் இருக்கும். அடாப்டரைச் செருகியதும் பேட்டரியின் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். செருகுகுழியில், முனையின் வெளிப்புறத்தைத் தொடும் தகடே அந்தச் சுவிட்சாக வேலை செய்கிறது. பேட்டரியின் நேர்மின் பக்கத்தைத் துண்டிக்க வேண்டுமானால், நேர்மின் வெளிப்புறத்தில்தான் வந்தாக வேண்டும். உதிரி பாகம் ஒன்றின் அமைப்பு, உலகமெங்கும் ஒரு வழக்கமாக நிலைத்துவிட்டது!

ஒட்டுவில்லையில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி முழுமை பெறாத ஒரு வளையம், இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகள் என ஒரு படம் இருக்கும். நடுப்புள்ளியோடு இணைந்த கோடு எந்தக் குறிக்குப் போகிறது என்று பாருங்கள். பல பெடல்களில் தலைகீழ் இணைப்பைத் தாங்க ஒரு டையோடு வைத்திருப்பார்கள். ஆனால், அதை நம்பிச் சோதித்துப் பார்க்காதீர்கள். பல நேரங்களில் பெடலைக் காப்பாற்றிவிட்டு அந்த டையோடு கருகிப்போகும். பிறகு பழுதுபார்க்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

500 மில்லி ஆம்பியர் பெடலை எரித்துவிடுமா?

நான்காவது செய்தி மின்னோட்ட அளவு. "என் பெடலுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் வேண்டும். அடாப்டரில் 500 என்று எழுதியிருக்கிறது. எரிந்துவிடாதா?" என்று பலர் பயப்படுவார்கள்.

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். நாம் பயன்படுத்தும் மூன்று முள் சாக்கெட் 13 ஆம்பியர் வரை கொடுக்கக் கூடியது. அதில் கைப்பேசியின் சார்ஜரைச் செருகினால் 13 ஆம்பியரும் அதற்குள் பாய்ந்துவிடுகிறதா? இல்லை. சார்ஜர் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்கிறது. ஓம் விதியும் இதையே சொல்கிறது: மின்னழுத்தம் மாறாதிருக்கும்போது, எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தீர்மானிப்பது பெடல்தான், அடாப்டர் அல்ல. அடாப்டரில் எழுதியிருக்கும் 500 என்பது அதனால் கொடுக்க முடிந்த உச்ச அளவு.

ஆபத்து மறுபக்கத்தில்தான் இருக்கிறது. 100 மில்லி ஆம்பியர் கொடுக்கும் அடாப்டரிடம் 300 கேட்டால் அதன் மின்னழுத்தம் சரியும், அடாப்டர் சூடாகும், பெடல் பாதிப் பாட்டில் நின்று மீண்டும் தொடங்கும்.

எளிய கரகரப்புப் பெடல்கள் சில மில்லி ஆம்பியர்களோடு திருப்தி அடைந்துவிடும். எண்முறைப் பெடல்களுக்குள் ஒரு சிறு கணினியே இருப்பதால் அவற்றின் பசி பெரிது. ஸ்டிரைமன் நிறுவனத்தின் டைம்லைன் எதிரொலிப் பெடலுக்கு 300 மில்லி ஆம்பியர் வேண்டும். லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் 3 ஆம்பியர், அதாவது 3,000 மில்லி ஆம்பியர் அடாப்டரோடு வருகிறது. ஆனால் அனைத்துமே 9 வோல்ட்! மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பது இதனால்தான்.

கூட்டிப் பாருங்கள்

உங்கள் பள்ளி இசைக்குழுவில் ஐந்து பெடல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுருதி சேர்க்கும் டியூனருக்கு 30, ஓவர்டிரைவுக்கு 10, கோரஸுக்கு 20, டிலேவுக்கு 65, ரிவர்புக்கு 95 மில்லி ஆம்பியர். மொத்தம் 220. அடாப்டரை எப்போதும் அதன் எல்லையிலேயே வேலை வாங்கக் கூடாது; கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டால் 275. ஆகவே 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் ஒன்று தாராளமாகப் போதும்.

அடுத்த மாதம் டிலே பெடலை மாற்றி, 300 மில்லி ஆம்பியர் கேட்கும் ஒன்றை வாங்குகிறீர்கள். இப்போது மொத்தம் 455. கால் பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 570. பழைய அடாப்டர் இனிப் போதாது.

பேட்டரியையும் இப்படியே கணக்குப் பார்க்கலாம். நல்ல 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர் மணி. 5 மில்லி ஆம்பியர் பெடலுக்கு அது சுமார் 100 மணி நேரம் உழைக்கும். 65 மில்லி ஆம்பியர் பெடலுக்கு எட்டு மணி நேரம்கூட வராது. ஒரு குறிப்பு: பேட்டரி உள்ள பெடலில் கிட்டார் கேபிளைச் செருகி வைப்பதே அதை இயக்கிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

'ஙொய்' என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது?

நான்கும் சரியாக இருந்தும் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கலாம். ஓர் அடாப்டரிலிருந்து பல கிளைகளாகப் பிரியும் கம்பியால் எல்லாப் பெடல்களையும் இணைப்பது மலிவான வழி. இதைச் 'சங்கிலி இணைப்பு' எனலாம். இதில் எல்லாப் பெடல்களின் மின்னோட்டமும் ஒரே கம்பி வழியாகத் திரும்பி வருகிறது.

அந்தக் கம்பிக்குச் சிறிது மின்தடை உண்டு, 0.1 ஓம் என்று கொள்வோம். எண்முறைப் பெடல் இழுக்கும் மின்னோட்டம் சீராக இல்லாமல் 10 மில்லி ஆம்பியர் ஏறி இறங்கினால், அந்தக் கம்பியில் 1 மில்லி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஆடும். இது அற்பம்தானே? ஆனால் கரகரப்புப் பெடல், சமிக்ஞையை நூறு மடங்குக்குமேல் பெருக்க வல்லது. 1 மில்லி வோல்ட் ஆட்டம் அதன் வழியே புகுந்தால் 100 மில்லி வோல்ட் ஆகிவிடும்; கிட்டாரின் சொந்தச் சமிக்ஞையும் ஏறக்குறைய அதே அளவுதான்! அதனால்தான் நீங்கள் வாசிக்காதபோதும் கீச்சென்ற சத்தம் கேட்கிறது.

இதற்குத் தீர்வு, தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடுகள் கொண்ட மின்வழங்கி. கடையில் 'ஐசொலேட்டட்' என்று கேளுங்கள். அதில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்மாற்றியில் தனிக் கம்பிச்சுருள் இருக்கும். ஆற்றல் காந்தப்புலத்தின் வழியாகக் கடக்கிறது. ஒரு வெளியீட்டையும் இன்னொன்றையும் இணைக்கும் கம்பி உள்ளே இல்லை. ஆகவே ஒரு பெடலின் இரைச்சல் இன்னொன்றுக்குத் தாவ வழியில்லை. பல துளைகள் இருப்பதாலேயே ஒரு மின்வழங்கி இந்த வகை ஆகிவிடாது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு துளைக்கும் தனி எல்லை உண்டு. 100 மில்லி ஆம்பியர் துளையில் 300 கேட்கும் பெடலைச் செருக முடியாது.

இவ்வகை மின்வழங்கிகளின் விலை அதிகம். எனவே வாங்குவதற்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இரைச்சலிடும் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். பேட்டரி வேறு எதனோடும் மின்கம்பியைப் பகிர்ந்துகொள்வதில்லை. இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி மின்வழங்கிதான். நிற்கவில்லை என்றால் கேபிளையோ கிட்டாரையோ சோதியுங்கள். அடாப்டருக்குச் செலவழிக்க வேண்டாம்.

உங்களுக்கு எது தேவை?

ஒன்று அல்லது இரண்டு பெடல் வைத்திருப்பவருக்கு 9 வோல்ட் டி.சி., நடுவில் எதிர்மின் உள்ள நல்ல அடாப்டர் ஒன்று போதும். நான்கைந்து எளிய பெடல்கள் என்றால் சங்கிலி இணைப்பை முதலில் முயன்று பாருங்கள். இரைச்சல் இல்லாவிட்டால் அதுவே போதுமானது. கரகரப்புப் பெடலும் எண்முறைப் பெடலும் கலந்திருந்தால், பிரிக்கப்பட்ட மின்வழங்கிக்குப் பணம் சேர்ப்பது நியாயம்தான். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய ஃபஸ் பெடல் சிலவற்றில் உள்ளிணைப்பே தலைகீழாக இருக்கும். அவற்றைச் சங்கிலியில் சேர்த்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். தனி பேட்டரியே அவற்றுக்கு நல்லது.

எதை வாங்கினாலும் பாதுகாப்பு முத்திரையைப் பாருங்கள். மலேசியாவில் சிரிம் ஒட்டுவில்லையும் சிங்கப்பூரில் பாதுகாப்புச் சின்னமும் அடாப்டர்களில் இருக்க வேண்டும். மலிவான, முத்திரையில்லாத அடாப்டருக்குள் 230 வோல்ட்டையும் 9 வோல்ட்டையும் பிரிக்கும் காப்பு சரியாக இல்லாவிட்டால், ஆபத்து பெடலுக்கு மட்டுமல்ல, கிட்டார்க் கம்பியைத் தொடும் உங்கள் விரலுக்கும்தான். பழுதான அடாப்டரை நீங்களே திறந்து பார்க்காதீர்கள்.

இன்று மாலை ஒரு தாள் எடுத்து, உங்கள் ஒவ்வொரு பெடலுக்கும் நான்கு செய்திகளையும் எழுதுங்கள். கடைசிப் பத்தியைக் கூட்டுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போனால், விற்பவர் சொல்வது சரியா என்று உங்களாலேயே சொல்லிவிட முடியும்.