வான்வெளிப் பொறியாளர் ஆக விரும்புகிறீர்களா?

1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவூர்தி ஒன்று விண்ணை நோக்கிச் சீறிக் கிளம்பியது. அதன் உயரம் 22 மீட்டர். எடை 17 டன். அது சுற்றுப்பாதையில் கொண்டு சேர்த்த ரோகிணி செயற்கைக்கோளின் எடை எவ்வளவு தெரியுமா? வெறும் 35 கிலோகிராம். ஏறத்தாழ ஒரு பள்ளிச் சிறுவனின் எடை!

இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு பெரிய ஊர்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பூமியைச் சுற்றிவர வேண்டிய பொருளுக்கு நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் தேவை. அந்த வேகத்தைப் பெற ஏராளமான எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்கிச் செல்லவும் எரிபொருள் வேண்டும்! ஆகவே ஏவூர்தியின் எடையில் பெரும்பகுதி எரிபொருளே. ஏவூர்தியின் கடைசி அடுக்கில் ஒரு கிலோ எடை கூடினால், செயற்கைக்கோளில் ஒரு கிலோ குறைத்தாக வேண்டும்.

வான்வெளிப் பொறியியலின் உயிர்நாடி இதுதான். பாலம் கட்டும் பொறியாளருக்கு ஐயம் தோன்றினால், தூணை இன்னும் சற்றுப் பருமனாகக் கட்டிவிடலாம். வானூர்திப் பொறியாளருக்கு அந்த வசதி இல்லை. விமானம் பறக்கும்போது தாங்கவேண்டிய மிகுதியான சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி அதன் சிறகு அமைக்கப்படுகிறது. அதற்குமேல் வலுவைக் கூட்டினால் வீண் எடை, குறைத்தால் ஆபத்து. ஆகவே அவர் நுட்பமாகக் கணக்கிட வேண்டும்; கணக்கு சரிதானா என்று மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

இத்துறையில் நான்கு பெரும் பிரிவுகள் உண்டு. சிறகின் மீது காற்று எவ்வாறு பாய்கிறது என்று ஆராய்வது காற்றியக்கவியல். எஞ்சின்களையும் எரிபொருள்களையும் பற்றியது உந்துவியல். குறைந்த எடையில் நிறைந்த வலுவை எப்படிப் பெறுவது என்பது கட்டமைப்பியல். ஊர்தியை வழிதவறாமல் செலுத்துவது கட்டுப்பாட்டியல். இவற்றுள் எதில் குறை நேர்ந்தாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். எஸ்.எல்.வி.-3இன் முதற் பயணமே இதற்குச் சான்று. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஏவப்பட்ட அவ்வூர்தி, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்த ஒரு வால்வு பழுதுபட்டதால், சில நிமிடங்களில் கடலில் வீழ்ந்தது. குறையைக் கண்டறிந்து திருத்தியவர்கள் அடுத்த ஆண்டே வெற்றி கண்டார்கள்.

அத்திட்டத்தின் இயக்குநர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அவர் முதலில் விரும்பியது விமானப்படை விமானி ஆகத்தான். எட்டு இடங்களுக்கு நடந்த தேர்வில் ஒன்பதாவதாக வந்ததால் அவ்வாய்ப்பு கைநழுவியது. பின்னர் எந்த வழியில் அவர் விண்ணை எட்டினார் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். விமானத்தை ஓட்டுபவர் விமானி. விமானத்தைப் பழுதுபார்த்து, அது பறக்கத் தகுதியுடையது என்று கையொப்பமிடுபவர் பராமரிப்புப் பொறியாளர்; இவருக்கு அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்கும் உரிமம் வேண்டும். புதிய ஊர்திகளை வடிவமைத்துச் சோதிப்பவரே வான்வெளிப் பொறியாளர். இவருக்கு வேண்டியது பொறியியல் பட்டம். மூன்றும் நல்ல தொழில்களே; ஆனால் மூன்றுக்கும் படிப்பு வேறு. எந்தக் கல்லூரியிலும் கட்டணம் செலுத்துமுன், அங்கே கிடைப்பது பட்டமா, உரிமத்துக்கான பயிற்சியா என்று கேட்டறியுங்கள். ஒன்றை மற்றொன்றென எண்ணிச் சேர்ந்தால் பணமும் காலமும் வீணாகும்.

மேனிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களைப் படிப்பது முதற்படி. 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, கலாம் பயின்ற இடம். இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறை உண்டு. விண்வெளித் துறைக்கென்றே 2007இல் திருவனந்தபுரத்தில் ஒரு கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது.

இவற்றில் இடம் கிடைக்காவிட்டால் கதவு அடைபட்டு விட்டதாக எண்ண வேண்டாம். இஸ்ரோ நிறுவனம் எந்திரவியல், மின்னணுவியல், கணிப்பொறியியல் படித்தவர்களையும் பணியில் சேர்த்துக்கொள்கிறது. 2025 ஜனவரியில் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன், குமரி மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்து தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர். எந்திரவியலில் பட்டயம் பெற்று 1984இல் இஸ்ரோவில் சேர்ந்த அவர், பணியிலிருந்துகொண்டே மேற்படிப்பு படித்து, கடுங்குளிர் எரிபொருள் எஞ்சின் துறையில் வல்லுநரானார். 2023 ஆகஸ்டு 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர், விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேலும் பட்டயப் படிப்பிலிருந்து முன்னேறியவரே. ஆங்கிலத்தில் பாடங்களைக் கற்க முதலாண்டில் சற்றுத் தடுமாற்றம் இருக்கும், அது பழகிவிடும். ஆனால் கணிதத்தில் அடித்தளம் பலவீனமாயிருந்தால் அதைப் பின்னர்ச் சரிசெய்வது கடினம். ஆகவே இப்போது கவனம் அங்கே இருக்கட்டும்.

வேலைவாய்ப்பு எப்படி? இஸ்ரோவைத் தவிர, பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையும் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடமும் உள்ளன. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் ஏவூர்தி எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. இப்போது தனியாரும் இத்துறையில் இறங்கியுள்ளனர்; சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30இல் தன் முதல் ஏவூர்தியைச் செலுத்தியது. எனினும் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி என்பதை மறைப்பதற்கில்லை. ஆர்வத்தோடு பொறுமையும் உள்ளவர்களுக்கே இத்துறை ஏற்றது.

அந்தப் பொறுமை உங்களிடம் உண்டா? இன்றே சோதித்துப் பாருங்கள். தாளில் ஒரு விமானம் செய்து பறக்க விடுங்கள். மூக்கை மேலே தூக்கித் திணறி விழுகிறதா? மூக்கில் ஒரு காகிதக் கவ்வியைச் செருகுங்கள். எடைமையம் முன்னோக்கி நகர்வதால் சீராகப் பறக்கும். இரண்டு கவ்விகளைச் செருகினால் தலைகுப்புற விழக்கூடும். கவ்வியைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அது பறந்த தொலைவை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். இருபது முறை எறிந்தபின்னும், இருபத்தோராம் முறை என்ன ஆகும் என்று அறிய உங்கள் மனம் துடித்தால், நீங்கள் இத்துறைக்கு ஏற்றவரே. பெரிய ஆய்வுக்கூடங்களில் நடப்பதும் இதுவேதான், கருவிகள்தாம் வேறு.