ஐந்து நாள், 500 கி.மீ., ஒரு நல்ல காரியம்: சாரிட்டி சைக்கிள் ரைடில் பணம் எங்கே போகுது?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென்று ஒரு மெசேஜ் வரும். "அஞ்சு நாள், 500 கி.மீ. சைக்கிள் ஓட்டப் போறேன். ஏழைக் குழந்தைகளின் படிப்புக்காக. உங்களால் முடிந்ததைக் கொடுங்க." கீழே ஒரு லிங்க். சிலர் உடனே 500 ரூபாய் அனுப்புவார்கள். சிலர் கட்டைவிரல் எமோஜியோடு நகர்ந்துவிடுவார்கள். சிலர் மனசுக்குள், "இவர் ஊர் சுற்ற நாம ஏன் காசு கொடுக்கணும்?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அடுத்த முறை அந்த மெசேஜை அனுப்பப் போவது நீங்களாக இருந்தால், அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியதும் நீங்கள்தான். பொதட்டூர்பேட்டை மாதிரி எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்த ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

சாரிட்டி ரைடு என்றால் என்ன?

பல நாள் சைக்கிள் பயணம் ஒன்றை ஒரு அமைப்பு நடத்தும். அதில் சேருகிறவர்கள் தங்கள் நண்பர்கள், உறவினர்கள், அலுவலகம் என்று கேட்டு நிதி திரட்டுவார்கள். அந்தப் பணம் ஒரு மருத்துவமனைக்கோ, பள்ளிக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ போகும். ஒரு நாளைக்கு 80 முதல் 120 கி.மீ. வரை ஓட்ட வேண்டியிருக்கும். வழியில் தண்ணீர், சாப்பாடு, மெக்கானிக், ஆம்புலன்ஸ், கடைசியில் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வண்டி எல்லாம் இருக்கும்.

ஒருவர் உடம்பை வருத்தி வழி நடப்பதும், ஊர்க்காரர்கள் பக்கபலமாக நிற்பதும் நமக்குப் புதுசு இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணிக்கு காவடி எடுத்து நடந்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் மோரும் அன்னதானமும் கொடுக்கிற பழக்கம் இந்தப் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே வேண்டுதல் சாமிக்கு. சாரிட்டி ரைடில் அந்தச் சிரமம், பிறரிடம் உதவி கேட்பதற்கான ஒரு காரணம். அதனால் கேட்டு வாங்கிய பணத்துக்குக் கணக்கும் இருக்க வேண்டும்.

எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1980-ல் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரோடு ஒரு சைக்கிள் பயணம் போனார். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த முறை திரண்டது 10,200 டாலர். அந்தப் பணம் பாஸ்டனில் உள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போனது. 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற அந்த ரைடு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. இதுவரை திரட்டியது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரைடர்கள் திரட்டும் பணம் முழுவதும் அந்த மையத்துக்கே போகிறது. ரைடு நடத்தும் செலவுக்குப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும் தனியாக இருக்கிறார்கள். நன்கொடை ஒரு பை, செலவு வேறொரு பை.

1994-ல் இன்னொரு மாதிரி வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கான சேவைக்காக, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏழு நாள் பயணத்தை டேன் பலோட்டாவின் நிறுவனம் தொடங்கியது. விளம்பரம், ஏற்பாடு எல்லாமே பிரம்மாண்டம். பணமும் கொட்டியது. கூடவே கேள்வியும் வந்தது: திரட்டியதில் இவ்வளவு பங்கு ஏற்பாட்டுச் செலவுக்கே போகலாமா? 2002-ல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. கலிஃபோர்னியாவின் இரண்டு சேவை அமைப்புகள் அதே வழித்தடத்தில் 'எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள்' என்ற பெயரில் சொந்தமாக ரைடு நடத்தத் தொடங்கின.

பலோட்டா சும்மா இருக்கவில்லை. 2013-ல் பேசிய ஒரு டெட் உரையில், 50,000 டாலர் முதலீட்டில் ஆரம்பித்த எய்ட்ஸ் ரைடுகள் ஒன்பது வருடத்தில் எல்லாச் செலவும் போக 10.8 கோடி டாலர் கொடுத்தன என்றார். செலவு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காதீர்கள், கடைசியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொடுக்கிறவருக்கு அந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் அந்த நியாயம் எடுபடும்.

அந்த 'எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள்' 30 கோடி டாலருக்கு மேல் திரட்டிய பிறகு, 2025 ஜூனில் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. செலவு ஏறியது, ஆட்களும் நிதியும் குறைந்தன என்பதே சொல்லப்பட்ட காரணம். நல்ல நோக்கம் இருந்தும் கணக்கு உதைத்தால் ரைடு நின்றுவிடும்.

நம்ம பக்கத்தில்?

'டூர் ஆஃப் நீலகிரிஸ்' தெரிந்திருக்கும். பெங்களூரைச் சேர்ந்த ரைட்-எ-சைக்கிள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் தொடங்கியது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் எனச் சுற்றி வரும் பல நாள் பயணம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள்தான் அதன் பெயர்போன பரீட்சை. அடிப்படையில் இது சைக்கிள் ஆர்வலர்களின் பயணம். சேவை அமைப்புகளுக்கு நிதி திரட்டுவதும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

ஆனால் சைக்கிளும் சமூக நலனும் சேர்ந்த பெரிய கதை அதற்கும் முந்தையது. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவுப் பணியோடு சேர்த்தார். பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், அப்பாவையோ அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்காமல் வேலைக்குப் போக முடிந்தது. பின்னால் குழந்தையை உட்காரவைத்து, தண்ணீர்க் குடத்தையும் ஏற்றிக்கொண்டு போக முடிந்தது. தமிழ்நாடு அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் கொடுப்பதையும் இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

இதில் சாரிட்டி ரைடருக்கு ஒரு செய்தி உண்டு. புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் மிதிபட்ட அன்றே பலன் கொடுத்தது. சாரிட்டி ரைடில் அப்படி இல்லை. நீங்கள் 500 கி.மீ. மிதிப்பதால் மட்டும் யாருக்கும் ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேராது. கேட்டு வாங்கி, ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் சேரும்.

பணம் எங்கே போகுது?

ஒரு உதாரணக் கணக்கு. ஐந்து நாள் ரைடுக்குத் தங்கும் இடம், சாப்பாடு, வண்டி, மருத்துவ உதவி எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 25,000 ரூபாய் திரட்டுகிறீர்கள்.

• செலவை உங்கள் கைக்காசில் கட்டினால், தொண்டு நிறுவனத்துக்குப் போவது 25,000.

• செலவை நன்கொடையிலிருந்து எடுத்தால், போவது 10,000. மீதி உங்கள் பயணச் செலவு.

இரண்டாவது தப்பு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கைக்காசு போட வசதியில்லாதவர்களும் ரைடில் கலந்துகொள்ள அது வழி. ஆனால் 500 ரூபாய் கொடுத்தவர், அதில் 300 ரூபாய் உங்கள் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது என்று தெரிந்து கொடுத்தாரா என்பதுதான் கேள்வி.

பெயர் கொடுப்பதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் இதையெல்லாம் கேளுங்கள்:

1. பதிவுக் கட்டணம் தனியா, நன்கொடையிலேயே அடங்கியதா?

2. குறைந்தபட்சம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று இலக்கு இருக்கிறதா? எட்ட முடியாவிட்டால் மீதியை நான் கட்டணுமா?

3. பணம் நேராகத் தொண்டு நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறதா, நடுவில் வேறு கணக்கு இருக்கிறதா?

4. ஆன்லைன் நிதி திரட்டும் தளம் என்றால், அது எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது? சில தளங்கள் கொடுப்பவரிடமே 'டிப்' கேட்கும். அந்தத் தொகை ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கலாம், பார்த்து மாற்றுங்கள்.

5. போன வருடம் எவ்வளவு திரண்டது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

ஐந்தாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், அந்த ரைடை விட்டுவிடலாம்.

வரிச் சலுகை பற்றியும் கேட்பார்கள். 80ஜி என்ற பெயரில் நமக்குப் பழகிய சலுகை, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. உங்கள் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பியதற்கும் ரசீது கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ்தான் செல்லும்.

பொதட்டூர்பேட்டையில் எப்படிக் கேட்பது?

தறிச்சத்தத்தில் விடிகிற ஊர் இது. ஐ.டி. கம்பெனியில் ஒரு மெயில் அனுப்பி, கம்பெனியும் அதே அளவு போடும் என்று எதிர்பார்ப்பது வேறு. வாரக்கூலி வாங்குகிற நெசவாளரிடம் போய் நிற்பது வேறு. அவர் 50 ரூபாய் கொடுத்தால் அது அவர் வருமானத்தில் கணிசமான பங்கு. முகத்துக்காகக் கொடுக்க வைத்துவிடக் கூடாது. "கண்டிப்பா தரணும்னு இல்லைங்க, விஷயத்தைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்று ஆரம்பிப்பது நல்லது.

இங்கே பலர் ரொக்கமாகத்தான் தருவார்கள். அப்படி வாங்கினால் நோட்டுப் போட்டு, பெயர், தொகை, தேதி எழுதி, அன்றைக்கே நிறுவனத்தின் கணக்கில் கட்டிவிடுங்கள். எல்லை ஊர் என்பதால் தெலுங்கிலும் சொல்ல வேண்டிவரும். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் வீட்டுக்குள் இரண்டு மொழியும் இன்றும் புழங்குகிறது. யாருக்காகத் திரட்டுகிறோம், எவ்வளவு, எப்போது கணக்குக் காட்டுவோம் என்ற மூன்றையும் இரண்டு மொழியிலும் எழுதி ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு தாங்குமா?

ஒரு நாள் 100 கி.மீ. ஓட்டுவது பலரால் முடியும். அடுத்த நாளும் அதே சீட்டில் உட்காருவதுதான் சிரமம். பத்து வாரம் எடுத்துக்கொண்டால் போதும்.

• முதல் 3 வாரம்: வாரநாளில் இரண்டு முறை 15-20 கி.மீ., ஞாயிறு 30-40 கி.மீ.

• 4 முதல் 7 வாரம்: ஞாயிறு தூரத்தைப் படிப்படியாக 80 கி.மீ. வரை ஏற்றுங்கள்.

• 8, 9-வது வாரம்: சனி 80, ஞாயிறு 80. அடுத்தடுத்த நாள் ஓட்டிப் பழகுவதுதான் முக்கியம்.

• கடைசி வாரம்: பாதியாகக் குறைத்து ஓய்வெடுங்கள்.

ஊரிலிருந்து பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் நெரிசல் குறைவு. நகரியைத் தொட்டால் சென்னை-திருப்பதி நெடுஞ்சாலை. லாரிகளோடு ஓட்டிப் பழகவும் வேண்டும், ஆனால் விடியற்காலையில் மட்டும். ஏற்றம் பழக திருத்தணி மலைக்கு வண்டிகள் ஏறும் பாதை இருக்கிறது. கிருத்திகை நாட்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் பகுதி இது. ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள்.

சீட் உயரம்: குதிகாலை பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக இருந்தால் முட்டிவலி நிச்சயம். பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி வேண்டாம். தையல் உரசிப் புண்ணாகும். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் திரவம் தேவைப்படும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட மோர் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். பசிக்கும் முன்பே வாழைப்பழம், கடலைமிட்டாய் என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருக்கட்டும்.

தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது போன்ற எதுவும் தெரிந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போய் உதவி கேளுங்கள். பின்னால் வரும் வண்டியில் ஏறுவது அவமானம் இல்லை. நன்கொடை கொடுத்த யாரும் நீங்கள் மயங்கி விழ வேண்டும் என்று கொடுக்கவில்லை.

முடிந்த பிறகு

பெரும்பாலான ரைடுகள் மெடலோடு ஒரு போட்டோவில் முடிந்துவிடும். கொடுத்தவர்களுக்கு வரவேண்டிய மெசேஜ் வராது. ஒரு மாதத்துக்குள் ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள்: மொத்தம் திரண்டது, ரைடு செலவு யார் பணத்தில், நிறுவனத்துக்குப் போனது, அதற்கான ரசீது, அந்தப் பணத்தில் என்ன நடக்கப் போகிறது. 50 ரூபாய் கொடுத்தவருக்கும் அதே பக்கம் போகட்டும்.

சின்ன ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் கணக்குக் காட்டாமல் விட்டால், அடுத்த வருடம் உண்மையாகவே பணம் தேவைப்படும் ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்காக யாராவது வந்து நிற்கும்போது, "போன தடவை கொடுத்ததே என்னாச்சுன்னு தெரியல" என்ற பதில்தான் அவருக்குக் கிடைக்கும்.