பள்ளியைப் பாதியில் விட்டவர் பேராசிரியர் ஆனார்!

கரிசல் காட்டு விவசாயியை அழைத்தது பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆக என்ன படிக்க வேண்டும்? எம்.ஏ. படிக்க வேண்டும். அதற்கு மேல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்க வேண்டும்.

ஆனால், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு விவசாயி, 65 வயதைத் தாண்டிய பிறகு பேராசிரியர் ஆனார். இது கதை அல்ல, நடந்த உண்மை!

அவர்தான் கி.ராஜநாராயணன். சுருக்கமாக, கி.ரா.

மழையை நம்பிய மண்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது இடைசெவல் கிராமம். 1922-ம் ஆண்டு அங்கே பிறந்தார் கி.ரா. புகழ் பெற்ற எழுத்தாளர் கு.அழகிரிசாமிக்கும் அதுதான் சொந்த ஊர். இருவரும் இளமை முதலே நண்பர்கள்.

அந்தப் பக்கம் முழுவதும் கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மழை பெய்தால் காலை விடாமல் அப்பிக்கொள்ளும். எப்போதும் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைய வேண்டும். மழை தவறினால் வயிற்றுப்பாடு திண்டாட்டம்தான்.

தண்ணீருக்குப் பஞ்சம் வந்தது உண்டு. கதைக்கு மட்டும் அங்கே பஞ்சம் வந்ததே இல்லை! களத்து மேட்டிலும் திண்ணையிலும் பெரியவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தார் கி.ரா. பிறகு அந்த மக்களின் பேச்சிலேயே கதை எழுதினார்.

ஒரு சொல்லுக்குள் ஓர் உலகம்

அதோடு அவர் நிற்கவில்லை. கரிசல் மக்கள் பேசும் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நண்பர்களும் உதவினார்கள். 1982-ம் ஆண்டு 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' வெளிவந்தது.

நாட்டுப்புறத்தார் பேச்சுக்கு எதற்கு அகராதி? 'கிடை' என்ற சொல்லையே பாருங்கள். ஆடுகளை ராத்திரியில் ஒரு நிலத்தில் அடைத்துப் போடுவதுதான் கிடை. அதன் சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு உரம் ஆகும். இது விவசாயப் பாடம். ஆடு யாருடையது, நிலம் யாருடையது, கூலி என்ன? இது சமூகப் பாடம். கிடை போடுகிறவர்களின் வாழ்வை வைத்து 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதினார் கி.ரா. இது இலக்கியம். அந்தக் கதை 2003-ம் ஆண்டு 'ஒருத்தி' என்ற சினிமாப் படமாகவும் வந்தது.

ஒரே ஒரு சொல்! அதை முழுதாகப் புரிந்துகொள்ள இத்தனை படிப்பும் ஒன்று சேர வேண்டியிருக்கிறது.

வகுப்புக்கு வந்த கதைகள்

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அப்போது துணைவேந்தராக இருந்த வேங்கடசுப்பிரமணியன், கி.ரா.வின் அருமையை அறிந்தவர். 1989-ம் ஆண்டு அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தார். மக்களின் கதைகளையும் வழக்கங்களையும் திரட்டிப் பதிவு செய்வதற்கென்றே அங்கே ஒரு மையம் இருந்தது. நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்கும் பொறுப்பு கி.ரா.வுக்கு வந்தது.

மாணவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு, கிராமத்துப் பெரியவர்கள் முன் உட்கார்ந்து கதை கேட்டார்கள். புதுவை வட்டாரக் கதைகள் புத்தகமாக வந்தன.

1991-ம் ஆண்டு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக கி.ரா.வுக்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குத் தெற்குச் சீமையில் முன்பே விதை போட்டவர் பேராசிரியர் நா.வானமாமலை. அவர் 'நெல்லை ஆய்வுக் குழு'வை அமைத்தார். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற பத்திரிகையும் தொடங்கினார். பிறகு பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு ஓர் ஆய்வு மையமே ஏற்பட்டது. மக்களின் கதை, பாட்டு, பழமொழி, சடங்கு இவற்றை ஆராயும் படிப்புக்குத்தான் அந்தப் பெயர்.

போனால் வராது

இதற்கெல்லாம் என்ன அவசரம்? அவசரம் இருக்கிறது!

முன்பு மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தார்கள். வடம், வால்கயிறு, சால், தும்பி என்று அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மோட்டார் வந்தது. கமலை போயிற்று. அதோடு அந்தப் பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. மாட்டை ஓட்டுகிறவர் பாடிய பாட்டும் போகிறது. மோட்டார் வந்தது நல்லதுதான். உழவன் உடம்பு நோவது குறைந்தது. ஆனால், பாட்டன் எப்படிப் பாடுபட்டான் என்பது பேரனுக்குத் தெரியாமல் போகலாமா?

கி.ரா. 2021-ம் ஆண்டு மே 17-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். பிறந்த ஊரான இடைசெவலில், அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. கோவில்பட்டியில் தமிழக அரசு அவருக்கு நினைவு அரங்கம் கட்டியிருக்கிறது.

அவர் செய்த வேலை இன்னும் முடியவில்லை. அதைச் செய்யப் பட்டம் வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் வயதான பாட்டி இருக்கிறாரா? இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை கேளுங்கள். அவர் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்!